கோழியின் சத்து எங்கே போகிறது?

கோழி சூப் வைக்கும் இடத்தில் தவறாமல் கேட்கும் ஒரு பேச்சு நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. "நன்றாகக் கொதிக்கட்டும், அப்போதுதான் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கும்" என்பதே அது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த பெரியம்மாவுக்காக நான் அடுப்படியில் நின்ற வாரங்களில் அநேகமாக நாள்தோறும் இதைக் கேட்டேன். அவருக்கு அப்போது எந்த உணவிலும் விருப்பம் இல்லை. நூடுல்ஸ் போட்ட கோழி சூப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். நாற்காலியில் சாய்ந்தபடியே செய்முறையையும் அவரே சொல்வார். முழுக் கோழியைப் பாத்திரத்தில் போட வேண்டும், மூடி குதிக்கும் அளவுக்குத் தீ எரிய வேண்டும், கறி நார் நாராகப் பிரியும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது, பிறகு வடிகட்டி நீரை மட்டும் எடுத்து அதில் நூடுல்ஸை வேகவைக்க வேண்டும். வடிகட்டியில் தங்கும் கறியை என்ன செய்வது என்று கேட்டால், "அது சக்கை, அதில் இனி என்ன இருக்கிறது?" என்பார்.

சக்கை என்று அவர் ஒதுக்கியது ஒரு முழுக் கோழியின் கறி. வெளுத்து, வறண்டு, வாயில் போட்டால் பஞ்சு போலச் சுருண்டுகொள்ளும் அதை விரும்பி உண்ண முடியாது என்பது உண்மைதான். ஆனால், காயம் ஆறுவதற்குப் புரதம் நிறைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் புரதம் நான் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த நீரில் இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகும் கறியில் இருக்கிறதா என்ற கேள்வி அடுப்படியை விட்டு வெளியே வந்த பின்னும் என்னை விடவில்லை. பெரியம்மா சொல்வது போல எல்லாம் நீரில் இறங்கிவிட்டதென்றால், பாத்திரத்தின் அடியில் அவ்வளவு கனத்தோடு கிடப்பது என்ன? இறங்கவில்லை என்றால், நோயுற்றவருக்கு நாம் இத்தனை அக்கறையோடு கொடுப்பது என்ன?

பாரிஸில் நடந்த விவாதம்

இதே கேள்வியை ஐரோப்பிய அறிவியலாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கும் முன்பாக, 1679இல், தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு கனத்த உலோகப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். நீராவி வெளியேற முடியாதபடி மூடி இறுக்கப்பட்ட அந்தப் பாத்திரம் கடினமான எலும்பையும் மென்மையாக்கி அதிலிருந்து கூழ் போன்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இன்று வீடுகளில் இருக்கும் பிரஷர் குக்கரின் மூதாதை அதுதான். எலும்பிலிருந்து உணவு எடுக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பெரும் திட்டமாகவே மாறியது. ஷான் பியர் ஷோசப் தார்சே என்ற வேதியியலாளர் எலும்புகளிலிருந்து அந்தக் கூழ்ப் பொருளான ஜெலட்டினைப் பிரித்து, அதைக் கொண்டு மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் சூப் வழங்க வழி செய்தார். எறியப்படும் எலும்பில் ஒரு நகரத்தின் பசி தீரும் என்று நம்பியவர்கள் தீய நோக்கம் உடையவர்கள் அல்லர். அந்த நம்பிக்கையில் இருந்த இரக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால், அந்தச் சூப்பைக் குடித்தவர்கள் தேறவில்லை என்ற முறையீடு எழுந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி தலைமையேற்ற அந்தக் குழு பல ஆண்டுகள் நாய்களைக் கொண்டு சோதனை செய்து, ஜெலட்டினை மட்டும் உண்டு உயிர் தரிக்க முடியாது என்று 1841இல் அறிக்கை அளித்தது. காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் நம் உடல் தானே உருவாக்கிக்கொள்ள முடியாதவை உணவிலிருந்து வந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றான டிரிப்டோஃபேன் ஜெலட்டினில் அறவே இல்லை. கறியில் அது இருக்கிறது.

ஆக, நீரில் இறங்குவது எது என்பதற்கு விடை இருக்கிறது. தோல், மூட்டு, குருத்தெலும்பு, தசையைச் சுற்றிய சவ்வு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதம், நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து இறங்குகிறது. கறியிலிருந்து உப்புச் சத்துக்களும், தனித்து நிற்கும் அமினோ அமிலங்களும், சுவைக்கு ஆழம் தரும் இனோசினேட் போன்ற பொருட்களும் இறங்குகின்றன. கொழுப்பும், அதில் கரைந்திருக்கும் மணமும் மேலே மிதக்கின்றன. தசையின் புரதமோ சூட்டில் உறைந்து இறுகித் தசையிலேயே தங்கிவிடுகிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்தும் நீரில் மிகச் சிறிதளவே கரைகிறது. பெரியம்மா சுவையைப் பற்றிப் பேசியிருந்தால் அவர் சொன்னது முழுவதும் சரி. கோழியின் சுவை உண்மையாகவே நீருக்குப் போய்விடுகிறது. கறி சக்கையாகத் தோன்றுவதும் அதனால்தான். மருத்துவர் கேட்ட புரதம் மட்டும் பெரும்பகுதி அந்தச் சுவையற்ற சக்கைக்குள்ளேயே இருக்கிறது.

கறிக்கு ஒரு நேரம், எலும்புக்கு ஒரு நேரம்

இதைப் புரிந்துகொண்ட பின், கறியை எப்படியாவது அவர் உண்ணும்படி செய்ய வேண்டும் என்பதே என் கவலையாக இருந்தது. சக்கையான கறியைப் பொடியாக நறுக்கிச் சூப்பில் கலந்து கொடுத்தால் அவர் கரண்டியால் ஒதுக்கிவிடுவார். நாக்குக்கு உறுத்தும் எதையும் நோயாளியின் வாய் ஏற்காது. அப்போதுதான், சிக்கல் கோழியில் இல்லை, ஒரே பாத்திரத்தில் போட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்று நாம் கொண்டிருக்கும் வழக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோழியின் நெஞ்சுக்கறி உண்பதற்கு ஏற்றதாக இருக்கும் நேரம் மிகச் சிறியது. அதன் தடித்த பகுதியின் நடுவில் வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால் நோய்க் கிருமிகளைப் பற்றிய அச்சம் நீங்கிவிடும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியிலும் தசையிழைகள் இன்னும் சுருங்கித் தம்முள் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. எலும்பும் தோலும் மூட்டும் இதற்கு நேர் எதிர். அவற்றிலுள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல்தான் கரையத் தொடங்குகிறது. கொதிநிலையை நெருங்கிய சூட்டில் மணிக்கணக்கில் இருந்தால்தான் போதிய அளவு இறங்குகிறது. ஒன்றுக்குப் போதுமான நேரம் மற்றொன்றுக்குத் தொடக்கமாகக்கூட இருப்பதில்லை.

அன்று ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியை மூன்று லிட்டர் குளிர்ந்த நீரில் வைத்து, மெல்லச் சூடேற்றினேன். நீர் ஓரங்களில் சலசலக்கத் தொடங்கியபின் முப்பத்தைந்து நிமிடம் அளவில் நெஞ்சில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன், 74ஐத் தாண்டியிருந்தது. கோழியை முழுதாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் நெஞ்சுக்கறியை இரு பாளங்களாகக் கழற்றினேன். தொடைக்கறி இன்னும் சற்று நேரம் தாங்கும் என்பதால் தொடைகளைத் தனியே வெட்டிப் பாத்திரத்தில் திரும்பப் போட்டு, மேலும் இருபது நிமிடம் கழித்து அவற்றையும் எடுத்துக் கறியைப் பிரித்தேன். பின்னர் முதுகெலும்பு, இறக்கை, தொடையெலும்பு, தோல் எல்லாவற்றையும் அதே நீரில் மீண்டும் இட்டு இரண்டு மணி நேரம் சிறு தீயில் விட்டேன். எடுத்து வைத்த கறியின் மேல் இரண்டு கரண்டி சூப்பை ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அப்படிச் செய்யாவிட்டால் அது காற்றுப் பட்டு மேற்புறம் காய்ந்துபோகும்.

மாலையில் கிண்ணத்தின் அடியில் அந்தக் கறியைக் கையால் பிய்த்துப் போட்டு, மேலே கொதிக்கும் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். கறி சூப்பின் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும், மறுபடி வேக வேண்டியதில்லை. பெரியம்மா முதலில் வழக்கம் போல் நீரை மட்டும் எடுத்துக் குடித்தார். பிறகு கரண்டியில் தானாக ஏறிய ஒரு துண்டை மென்றுவிட்டு, "இதற்கென்று வேறு கோழி வாங்கினாயா?" என்று கேட்டார். அதே கோழிதான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் கிண்ணத்தில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அடுத்த முறை அவரே, "கறியை முதலில் எடுத்துவிட்டாயா?" என்று நாற்காலியிலிருந்து நினைவூட்டினார். தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை சத்து இன்னும் நீரில்தான் இருக்கிறது. கறி அதற்குத் துணை.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூடி குதிக்கக் கொதிக்கவிட்டால் சத்து விரைவாக இறங்கும் என்று நினைப்பவர்கள் பலர். நீர் தளதளவெனக் கொதித்தாலும் அமைதியாகச் சலசலத்தாலும் அதன் வெப்பத்தில் சில டிகிரிகள்தான் வேறுபாடு. கொலாஜன் கரைவதில் பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் கொதியின் வேகம் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு கலக்கிவிடுகிறது; உறைந்த புரதத் துகள்களையும் நீர் முழுவதும் பரப்பிவிடுகிறது. சூப் கலங்கி, நாக்கில் பிசுபிசுப்பு தட்டுவது இதனால்தான். குளிர்ந்த நீரில் தொடங்கி மெல்லச் சூடேற்றினால் கரைந்த புரதம் சிறுகச் சிறுக உறைந்து நுரையாக மேலே திரளும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டால் கண்ணாடி போன்ற தெளிவு கிடைக்கிறது. நேரம் இல்லாதவர்கள், எலும்புகளைத் திரும்பப் போடும் கட்டத்தில் பிரஷர் குக்கருக்கு மாறிக்கொள்ளலாம். அதனுள்ளே வெப்பம் 120 டிகிரியை ஒட்டி இருப்பதால் முக்கால் மணி நேரம் போதும். அழுத்தம் தானாக அடங்கும்வரை திறக்காமல் காத்திருந்தால் சூப் தெளிவாகவே இருக்கும். ஆவியைத் திடீரென வெளியேற்றினால் உள்ளே நீர் பொங்கிக் கலங்கிவிடும்.

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் தொடக்கத்திலேயே போடுவதை நான் விரும்புவதில்லை. மூன்று மணி நேரம் வெந்த கேரட்டில் இனிப்பும் இல்லை, மணமும் இல்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் பெரிய துண்டுகளாக அவற்றைச் சேர்த்து, வடிகட்டும்போது எடுத்துவிடுவேன். உண்பதற்கான கேரட்டைத் தனியே சிறிதாக நறுக்கி, வடிகட்டிய சூப்பில் பத்து நிமிடம் வேகவைப்பேன். உப்பு எல்லாவற்றிற்கும் இறுதியில்தான். நீர் வற்ற வற்ற உப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால், முதலில் போட்ட அளவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு லிட்டருக்கு எட்டு கிராம் என்று தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். சூப்பில் ஏதோ குறைகிறது என்று தோன்றும் பெரும்பாலான நேரங்களில் குறைவது உப்பாகத்தான் இருக்கிறது. பசியற்றவர்களுக்கு அந்த அளவு மிகவும் முக்கியம். உப்பு குறைந்த சூப்பை அவர்கள் மறுத்துவிடுவார்கள், காரணம் மட்டும் சொல்லத் தெரியாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால், எலுமிச்சைச் சாறு சில துளிகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

நூடுல்ஸ்

நூடுல்ஸைச் சூப்பிலேயே வேகவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மணி நேரம் நுரை எடுத்து, தீயைக் காத்து, தெளிவாக்கி வைத்த நீரில் அதை வேகவைத்தால், மேலே ஒட்டியிருக்கும் மாவும் இழைகளிலிருந்து வெளியேறும் ஸ்டார்ச்சும் அத்தனையையும் சில நிமிடங்களில் கலக்கிவிடுகின்றன. கெட்டியான சூப்பை விரும்புகிறவர்களுக்கு அது குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். அவர்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் மறுநாளுக்கு மீதம் வைக்கும் சூப்பில் நூடுல்ஸ் இருக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெந்த பின்னும் நூடுல்ஸ் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அடுப்பை அணைத்த பின்னும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பின்னும். இரவில் சூப்பாக மூடி வைத்தது காலையில் உருவம் குலைந்து ஊறிய மாவாகக் கிடக்கும். மிஞ்சியிருக்கும் சிறிதளவு நீரும் உப்புக் கரிக்கும்.

ஆகவே, தனிப் பாத்திரத்தில் உப்பிட்ட நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, உண்ணப்போகிறவர்களுக்கு வேண்டிய அளவு மட்டும் வேகவைக்க வேண்டும். சூப்புக்கு ஆகாத அந்தப் பெருங்கொதி நூடுல்ஸுக்கு அவசியம், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் புரண்டுகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? முழு வேக்காட்டுக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டால், மேலே ஊற்றும் சூப்பின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். முட்டை சேர்த்த நூடுல்ஸ் இதற்கு மிகவும் பொருத்தமானது. முட்டையின் புரதமும் கோதுமையின் புரதமும் சேர்ந்து ஸ்டார்ச்சை இறுகப் பிடித்துக்கொள்வதால் அது சூப்பில் சற்று நேரம் உருக்குலையாமல் நிற்கிறது. நோயாளிக்குக் கொடுப்பதாக இருந்தால் உலர்ந்த நூடுல்ஸை வேகவைக்கும் முன்பே விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்வது நல்லது. நீண்ட இழைகளை உறிஞ்சி இழுப்பதற்கும் தெம்பு வேண்டும் என்பதைப் பெரியம்மாவைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

மருந்து என்று சொல்லலாமா?

சளிக்கும் காய்ச்சலுக்கும் கோழி சூப் மருந்து என்ற நம்பிக்கை மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் மைமோனிடிஸ் கோழிச் சாற்றை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். இதற்குச் சான்றாக இன்று பெரும்பாலும் இரண்டு ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். 1978இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஒரு மருத்துவக் குழு, குளிர்ந்த நீர், சுடுநீர், கோழி சூப் மூன்றையும் குடித்தவர்களின் மூக்கில் சளி நகரும் வேகத்தை அளந்து பார்த்தது. சுடுநீரும் கோழி சூப்பும் வேகத்தைக் கூட்டின. ஆனால் அரை மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. 2000இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரென்னார்ட் குழுவினர், வீட்டில் வைத்த கோழி சூப், நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் இடம்பெயர்வதைக் குறைக்கிறது என்று கண்டனர். வீக்கமும் சளியும் உண்டாவதில் அந்த அணுக்களுக்குப் பங்கு உண்டு என்பதால் இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அந்தச் சோதனை ஆய்வகத்தில், உடலுக்கு வெளியே எடுத்த அணுக்களில் நடந்தது. சூப்பைக் குடித்த நோயாளிகளிடம் நடந்ததல்ல.

இந்த ஆய்வுகள் எனக்கு மகிழ்ச்சி தருகின்றன, ஆனால் அவற்றை நம்பிச் சூப்பை மருந்தின் இடத்தில் வைக்க நான் துணியமாட்டேன். காய்ச்சலில் கிடப்பவருக்கு நீரும் உப்பும் வேண்டும், எளிதில் செரிக்கும் மாவுச் சத்து வேண்டும், புரதம் வேண்டும்; மூக்கடைப்புக்குச் சூடான ஆவி இதமாக இருக்கும். நூடுல்ஸும் கறியும் சேர்ந்த ஒரு கிண்ணம் சூப்பில் இவை அத்தனையும் இருக்கின்றன. அதுவே எனக்குப் போதுமான காரணம். கறியை நீக்கிவிட்டு நீரை மட்டும் கொடுத்தால் இந்தப் பட்டியலில் ஒரு பெரும் பகுதி விடுபட்டுப்போகிறது. சூப்பைப் பற்றிய புகழுரைகள் எல்லாமே நீரைப் புகழ்வதில் நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோயாளிக்கு உணவு சமைப்பவர்கள் எவ்வளவு அன்போடு, எவ்வளவு நேரம் செலவிட்டு அந்த நீரை உண்டாக்குகிறார்கள் என்பதை அறிந்திருப்பதால் வருத்தம் கூடுகிறது.

மீதம் வைப்பது

நோயாளிக்குச் சமைக்கும் வீட்டில் மீதச் சூப்பைக் கையாளும் முறையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கொதித்து அடங்கிய பெரிய பாத்திரத்தை மூடி, இரவெல்லாம் அடுப்பின் மேலேயே விட்டுவிடுவது ஆபத்தானது. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் கொதிநீரிலும் அழிவதில்லை. சூப் நிதானமாக ஆறும் மிதமான சூட்டில் அவை விழித்துப் பெருகுகின்றன. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் சூடு இறங்கிவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மூன்று லிட்டர் பாத்திரம் தானாக அந்த வேகத்தில் ஆறாது. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்துக் கிளறிவிட்டால் விரைவாக ஆறிவிடும். பின்னர் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாட்கள் வரை வைத்திருந்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம்.

மறுநாள் அந்தப் பாத்திரத்தைத் திறந்தால் மேலே கொழுப்பு மஞ்சள் நிறத்தில் படலமாக உறைந்திருக்கும், கீழே சூப் ஆட்டினால் நடுங்கும் கூழாக இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் கெட்டுவிட்டதோ என்று அஞ்சுவார்கள். கொலாஜன் நன்றாகக் கரைந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான், சூடாக்கினால் மீண்டும் நீராகிவிடும். பெரியம்மாவுக்கும் எனக்கும் இன்றும் தீராத வழக்கு அந்தக் கொழுப்பைப் பற்றியது. முழுவதையும் வழித்து எடுத்துவிட வேண்டும், செரிக்காது என்பது அவர் கட்சி. கோழியின் மணத்தில் பெரும்பகுதி கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது, அறவே நீக்கினால் சூப் வெறும் உப்பு நீராகிவிடும் என்பது என் கட்சி. கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி அளவு விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுகிறேன். அந்த அரைத் தேக்கரண்டியையும் அவர் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் குடிக்கிறார்.